‘டீ மேக்கர்’ என்றால் கனடா அதிகாரிக்கு என்ன புரியும்? குடியேற்ற விண்ணப்பத்தில் தொழில் குறியீட்டைத் தேர்ந்தெடுப்பது எப்படி

குன்னூர்ப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் ‘டீ மேக்கர்’ யார் என்று அங்குள்ள சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வாட்டும் தொட்டியில் தொடங்கி டிரையர் வரைக்கும் ஷிப்ட்டை நடத்துகிறவர் அவர். தூள் கருகினாலும் நிறம் இறங்காவிட்டாலும் முதல் கேள்வி அவரிடம்தான். அதே சொல்லை ஒட்டாவாவில் உட்கார்ந்திருக்கும் விசா அதிகாரி படித்தால், பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றுகிறவர் என்று நினைத்துக்கொள்வார். எஸ்டேட் ‘கண்டக்டர்’ பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவர் ஆகிவிடுவார். செக்ரோல் எனும் ஆஜர், கூலிப் பதிவேடு எழுதும் ‘ரைட்டர்’ கதை எழுதுகிறவராகவும், கொடைக்கானல் ஓட்டல் ‘மாஸ்டர்’ பள்ளிக்கூட வாத்தியாராகவும் மாறிவிடுவார்கள்.

மலையில் பதவிப் பெயர்கள் பழைய துரைமார் காலத்திலிருந்து அப்படியே தங்கிவிட்டவை. உள்ளே நடக்கும் வேலைக்கும் வெளியே ஒட்டியிருக்கும் பெயருக்கும் தொடர்பு குறைவு. குடியேற்ற விண்ணப்பத்தில் இது பெரிய சிக்கல். அங்கே பெயரை வைத்து யாரும் முடிவு செய்வதில்லை, செய்த வேலையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அந்த வேலைக்கு ஒவ்வொரு நாடும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. அதுதான் தொழில் குறியீடு.

எந்த நாட்டுக்கு எந்த எண்

உலகத் தொழில்கள் எல்லாவற்றையும் வகைப்படுத்த ஐ.நா.வின் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இப்போதுள்ள பதிப்பின் பெயர் ‘இஸ்கோ-08’. இந்தியாவின் 2015ஆம் ஆண்டு தேசியத் தொழில் வகைப்பாடு அதன் மேல் கட்டப்பட்டது, எட்டு இலக்கம் கொண்டது. ஆனால் வெளிநாட்டு விண்ணப்பத்தில் நம் இந்திய எண்ணைப் போட்டுப் பயனில்லை. போகிற நாட்டின் எண்ணைத்தான் போட வேண்டும்.

கனடாவுக்கு ஐந்து இலக்கம். ஆஸ்திரேலியாவின் ‘ஆன்ஸ்கோ’ எண்கள் ஆறு இலக்கம். பிரிட்டனின் ‘எஸ்.ஓ.சி. 2020’ நான்கு இலக்கம். இலக்கத்தை எண்ணிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். யாராவது கனடாவுக்கு ‘6322’ என்று நான்கு இலக்க எண்ணைச் சொன்னால் அது காலாவதியான பட்டியல். அங்கே சமையல்காரருக்கு முன்பு அந்த எண் இருந்தது. 2022 நவம்பர் 16 முதல் கனடா குடியேற்றத் துறை 2021ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு மாறிவிட்டது, இன்று அவருடைய எண் 63200. இணையத்தில் பழைய வீடியோக்கள் இன்னும் நான்கு இலக்கத்தையே ஓதிக்கொண்டிருக்கின்றன.

கனடாவின் பட்டியலை ‘என்.ஓ.சி.’ என்பார்கள். நம் ஊரில் என்.ஓ.சி. என்றால் ஆட்சேபணை இல்லாச் சான்று. ‘என்.ஓ.சி. கேட்கிறார்கள்’ என்ற பேச்சைக் கேட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு அலைய வேண்டாம். இது தேசியத் தொழில் வகைப்பாட்டின் சுருக்கம், சான்றிதழ் அல்ல.

ஐந்து இலக்கத்தைப் பிரித்துப் பார்த்தால்

63200ஐ எடுத்துக்கொள்வோம். முதல் இலக்கமான 6 துறையைச் சொல்கிறது: விற்பனை, சேவைத் தொழில்கள். 3 என்றால் மருத்துவம். 4 கல்வி, சட்டம், சமூக சேவை. 7 தொழில்நுட்பக் கைவேலைகளும் போக்குவரத்தும். 8 விவசாயம், இயற்கை வளம். 9 உற்பத்தி. அலுவலகம், கணக்கு சார்ந்தவை 1இல் வரும், அறிவியலும் கணினியும் 2இல்.

இரண்டாவது இலக்கம்தான் விண்ணப்பத்தின் உயிர்நாடி. அதை ‘டீயர்’ நிலை என்கிறார்கள். அந்த வேலைக்குப் பொதுவாக எவ்வளவு படிப்பு, பயிற்சி, பொறுப்பு தேவை என்பதன் அளவு அது. 0 என்றால் நிர்வாகப் பதவி. 1 என்றால் பொதுவாகப் பட்டப்படிப்பு. 2 என்றால் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ டிப்ளமா அல்லது தொழிற்பயிற்சி, மேற்பார்வைப் பொறுப்புகளும் இதில் வரும். 3 என்றால் இரண்டாண்டுக்குக் குறைந்த படிப்பு, அல்லது வேலையிலேயே ஆறு மாதத்துக்கு மேல் பயிற்சி. 4 என்றால் பள்ளிப் படிப்பு, சில வாரப் பயிற்சி. 5 என்றால் காட்டிக்கொடுத்தால் அன்றைக்கே செய்யக்கூடிய வேலை.

வேலைக்கு இதனால் மதிப்புக் குறைவு என்று பொருளல்ல. கொழுந்து பறிக்கிற கையின் வேகம் டிப்ளமா படித்தவருக்கு வராது. ஆனால் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற கனடாவின் முக்கிய வழியில் 0, 1, 2, 3 ஆகிய நிலைகளின் அனுபவம் மட்டுமே கணக்கில் எடுக்கப்படும். 4, 5 நிலைகளில் எத்தனை வருடம் உழைத்திருந்தாலும் அங்கே அது பூஜ்யம். ஆகவே ஓட்டல் சமையலறையில் ஒருவர் 63200ஆ, 65201ஆ என்ற கேள்வி வெறும் எண் சண்டை அல்ல. பின்னது சமையலறை உதவியாளர், நிலை 5.

குறியீட்டின் பக்கத்தை எப்படிப் படிப்பது

ஒவ்வொரு எண்ணுக்கும் கனடா அரசின் இணையதளத்தில் ஒரு பக்கம் உண்டு. பலர் மேலே உள்ள பெயரையும், மாதிரிப் பதவிப் பெயர்களின் பட்டியலையும் பார்த்துவிட்டு ‘நம்முது இதுதான்’ என்று மூடிவிடுகிறார்கள். அதிகாரி பார்ப்பது வேறு இடம்.

தொடக்கத்தில் இரண்டு மூன்று வரியில் ஓர் அறிமுக வாசகம் இருக்கும். இந்தத் தொழிலில் இருப்பவர் அடிப்படையில் என்ன செய்கிறார், எங்கே வேலை பார்க்கிறார் என்று சொல்லும். பிறகு முதன்மைப் பணிகளின் பட்டியல் வரும். கனடாவின் குடியேற்ற விதிமுறை, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் உள்ள திறன் தொழிலாளர் பிரிவுக்கு, இந்த இரண்டையும் பெயர் சொல்லியே கேட்கிறது: அறிமுக வாசகத்தில் உள்ள செயல்களைச் செய்திருக்க வேண்டும், முதன்மைப் பணிகளில் கணிசமானவற்றைச் செய்திருக்க வேண்டும், அவற்றில் இன்றியமையாதவை எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். பத்துப் பணிகளில் பத்தும் வேண்டும் என்று அது சொல்லவில்லை. இரண்டைச் செய்துவிட்டு மீதியை விட்டால் போதும் என்றும் சொல்லவில்லை. பணிகளுக்கு முன்னால் ‘செய்யக்கூடும்’ என்ற பொருளில் ஒரு சொல் இருந்தால் அது சிலர் செய்வது, சிலர் செய்யாதது. அது இல்லாத வரிகளைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

கடைசியில் விலக்குகள் என்று ஒரு பகுதி இருக்கும். எங்கள் கணிப்பில் பக்கத்திலேயே பயனுள்ள பகுதி அதுதான், யாரும் படிக்காத பகுதியும் அதுதான். ‘இவர்கள் இந்த எண்ணில் வரமாட்டார்கள், அந்த எண்ணைப் பாருங்கள்’ என்று பக்கமே வழிகாட்டுகிறது. தப்பான வீட்டுக் கதவைத் தட்டினால் பக்கத்து வீட்டைக் காட்டுகிற மாதிரி.

மாஸ்டர் யார்: ஊட்டி ஓட்டலின் சமையலறை

ஊட்டியில் கமர்ஷியல் சாலையை ஒட்டிய ஒரு நடுத்தர ஓட்டலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நான்கு பேர். எல்லாருக்கும் பெயர் மாஸ்டர்: தோசை மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், சைனீஸ் மாஸ்டர், மெயின் மாஸ்டர். கனடாவின் பட்டியலில் இந்த நால்வரும் ஒரே எண்ணில் வரவேண்டும் என்பதில்லை.

62200 ‘செஃப்’, நிலை 2. சமையலைத் திட்டமிடுவதும் நடத்துவதும் இவர் வேலை. மெனு போடுவது, செலவு மதிப்பிடுவது, சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, தரத்துக்குப் பதில் சொல்வது எல்லாம் இதில் வரும். சமைக்கவும் செய்வார். 63200 ‘குக்’, நிலை 3. முழுச் சாப்பாட்டையோ தனித்தனி உணவுகளையோ தயாரித்துச் சமைப்பவர், உதவியாளர்களை மேற்பார்வை செய்பவர், இருப்பைக் கவனிப்பவர். 65201இல் காய் நறுக்குபவர், பாத்திரம் கழுவுபவர், கவுண்டரில் பரிமாறுபவர்.

எந்தப் பெட்டியில் விழுகிறோம் என்று தெரிய ஒரு வாரத்தின் மணிநேரத்தைக் கூறு போட்டுப் பாருங்கள். மெயின் மாஸ்டர் வாரம் 54 மணி நேரம் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுப்பின் முன் 30 மணி. மறுநாளுக்கான மசாலா, கிரேவி, மாவு 10 மணி. பசங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துப் பார்ப்பது 6 மணி. காய்கறி, மளிகை இருப்பு பார்த்து ஆர்டர் போடுவது 4 மணி. அடுப்படி துடைப்பது 4 மணி. இவர் சுத்தமான 63200. மெனுவை முதலாளி போடுகிறார், விலையை முதலாளி வைக்கிறார் என்றால் இவரை 62200 என்று காட்டுவது வீண் ஆசை. ‘செஃப்’ என்று விசிட்டிங் கார்டு அடித்திருந்தாலும் அப்படித்தான்.

பரோட்டா மாஸ்டரின் நிலை கொஞ்சம் நுட்பமானது. நாள் முழுக்க மாவு பிசைந்து, அடித்து, வீசி, சுட்டு எடுக்கிறார். ஓர் உணவைத் தொடக்கம் முதல் முடிவு வரை அவரே செய்கிறார், ஆகவே ‘தனித்தனி உணவுகளைத் தயாரித்துச் சமைப்பவர்’ என்ற வரி பொருந்துகிறது. ஆனால் அந்த ஒரே வரியோடு நின்றுவிட்டால் ‘கணிசமான பணிகள்’ என்ற சோதனையில் மாட்டுவார். சால்னா அவர் வைக்கிறாரா? மைதா, எண்ணெய்க் கணக்கு அவர் பார்க்கிறாரா? கூட ஒரு பையனைப் பழக்குகிறாரா? இவையெல்லாம் உண்மையானால் எழுதப்பட வேண்டும். பெரும்பாலும் எழுதப்படுவதில்லை, ஏனென்றால் முதலாளிக்கு அது வேலையாகவே தோன்றுவதில்லை.

ஆஸ்திரேலியாவில் செஃப் 351311, குக் 351411. அங்கே இன்னொரு வலை இருக்கிறது: முதலாளி ஸ்பான்சர் செய்யும் விசாக்களில் இத்தகைய பதவிகள் துரித உணவகம், பார்சல் கடை போன்ற குறைந்த சேவை இடங்களில் இருந்தால் ஏற்பதில்லை என்ற நிபந்தனை உண்டு. போகிற இடத்தின் கடை எந்த வகை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொழிற்சாலையும் தோட்டமும்

டீ மேக்கருக்கு வருவோம். சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை) தொழிற்சாலையில் இலை வந்து இறங்கியதும் வாட்டுதல், ரோலரில் அரைத்தல், புளிக்கவைத்தல், டிரையர், பிறகு சலித்துத் தரம் பிரித்தல். நான்கரைக் கிலோ பச்சை இலைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தூள். இந்த ஓட்டம் முழுவதிலும் ஆட்களை நிறுத்துவது, டிரையர் சூட்டைச் சொல்வது, ரோலர் பல் தேய்ந்தால் நிறுத்தச் சொல்வது, எவ்வளவு இலை வந்து எவ்வளவு தூள் விழுந்தது என்று பதிவேட்டில் ஏற்றுவது, புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆகியவை டீ மேக்கரின் வேலை. கனடாப் பட்டியலில் இதற்கு நேர் எதிரே நிற்பது 92012, உணவு, பானப் பதனிடல் மேற்பார்வையாளர், நிலை 2.

அதே கூரைக்குக் கீழே டிரையர் முன் நின்று இயந்திரத்தை இயக்குபவர் 94140, நிலை 4. மூட்டை தூக்குபவர், கன்வேயரில் இலை தள்ளுபவர் 95106, நிலை 5. தொழிற்சாலையின் வரவு செலவு, ஆள் எடுப்பது, ஏலத்துக்குச் சரக்கு அனுப்பும் முடிவு எல்லாம் கையில் இருக்கும் ஃபேக்டரி மேனேஜர் 90010, நிலை 0. சிறு தொழிற்சாலைகளில் டீ மேக்கரே டிரையரையும் ஓட்டுவார். அப்போது கேள்வி ‘நேரத்தில் எது அதிகம், பொறுப்பில் எது அதிகம்’ என்பதுதான். ஆறு பேரை மேய்த்துக்கொண்டு ஆள் குறைகிற அன்றைக்கு இயந்திரத்தைத் தொடுபவர் மேற்பார்வையாளர். தினமும் இயந்திரத்தில் நின்றுகொண்டு, மேனேஜர் இல்லாதபோது மட்டும் சாவி வைத்திருப்பவர் அல்ல.

தோட்டத்தில் கண்டக்டருக்கு 82030 பொருந்தும், விவசாயப் பண்ணை மேற்பார்வையாளர், நிலை 2. எந்தக் காட்டில் இன்று பறிப்பு, எங்கே கவாத்து, எங்கே மருந்து என்று பிரித்து, ஆட்களைக் கண்காணித்து, கணக்கை மேலே கொடுப்பவர். கொழுந்து பறிப்பவர் 85101, நிலை 5. இரண்டு ஏக்கர் சொந்தத் தோட்டம் வைத்துத் தொழிற்சாலைக்கு இலை போடும் சிறு விவசாயி 80020இல், அதாவது விவசாய நிர்வாகத்தில் வரலாம். அவர் ‘நான் கூலிக்காரன் மாதிரிதான்’ என்று அடக்கமாகச் சொல்வார், விண்ணப்பத்தில் அந்த அடக்கம் வேண்டாம். ஆனால் தானே தனக்குச் சான்று எழுதிக்கொள்ள முடியாது. தொழிற்சாலை கொடுத்த இலை பில்கள், வங்கியில் விழுந்த பணம், பட்டா என்று பிறர் கையால் வந்த காகிதங்கள் வேண்டும்.

செக்ரோல் ரைட்டரின் நிலை வேடிக்கையானது. ஆஜர் எடுத்து, கூலி கணக்கிட்டு, பி.எஃப். பிடித்து, சம்பளப் பட்டியல் போடுவது முக்கிய வேலை என்றால் 13102, சம்பள நிர்வாகி, நிலை 3. கடிதம் டைப் அடிப்பது, கோப்பு அடுக்குவது, போன் எடுப்பதுதான் அதிகம் என்றால் 14100, நிலை 4. ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே பெயர். ஒன்று உள்ளே விடும், மற்றது விடாது. இங்கேதான் ஏஜென்ட்டுகள் ‘13102 என்றே போட்டுவிடலாம்’ என்று ஆசை காட்டுவார்கள். சம்பளப் பட்டியலே கையில் பட்டதில்லை என்றால் போடாதீர்கள்.

மற்ற சில தொழில்கள்

கிளினிக்கில் எல்லாருமே ‘சிஸ்டர்’. தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து, ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. முடித்து வார்டில் நோயாளியின் பராமரிப்பைத் திட்டமிட்டுச் செய்பவருக்கு 31301. படிக்காமல், டாக்டரிடமே பழகி, பி.பி. பார்த்து, கட்டுப் போட்டு, நோயாளியைத் தூக்கிப் படுக்கவைப்பவருக்கு 33102. அதுவும் நிலை 3தான், ஆகவே கதவு திறந்தேதான் இருக்கிறது. உள்ளதைச் சொன்னாலே போதும் என்ற இடத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவர்கள் இந்த வகையில் அதிகம்.

ஓட்டுநர்: ஊட்டியைச் சுற்றிக் காட்டும் டாக்சி 75200, நிலை 5. கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்கும் சின்னப் பிக்கப்பும் 75201, நிலை 5. கனரக லாரி ஓட்டுபவர்தான் 73300, நிலை 3. லைசென்சில் ஹெவி இருப்பது போதாது, ஓட்டிய வண்டி ஹெவியாக இருக்க வேண்டும்.

காட்டேஜ் ‘மேனேஜர்’: சாவி கொடுத்து, புக்கிங் எழுதி, அறை காட்டுவது 64314, நிலை 4. வாடகை நிர்ணயம், ஆள் எடுப்பு, பட்ஜெட், சப்ளையருடன் பேரம் ஆகியவை கையில் இருந்தால் 60031, நிலை 0. உறைவிடப் பள்ளி ஆசிரியர்களுக்கு எந்த வகுப்பு என்பதே எண்ணைத் தீர்மானிக்கும்: மேல்நிலை 41220, தொடக்கநிலை 41221. விளையாட்டுப் பள்ளிக் குழந்தைகளைப் பார்ப்பவருக்கு 42202 பொருந்தக்கூடும். ராத்திரி வார்டன் வேலையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அதைத் தனியாக, மணிநேரத்தோடு காட்டுங்கள்.

அனுபவக் கடிதம்

எண்ணைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை. அதை நிரூபிப்பது முதலாளி தரும் கடிதம். நம் ஊர்க் கடிதம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘இவர் எங்கள் நிறுவனத்தில் 2019 முதல் 2023 வரை மாஸ்டராகப் பணிபுரிந்தார். நன்னடத்தை உள்ளவர். அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்.’ கல்யாணப் பத்திரிகைக்குப் பொருத்தமான நடை. விசாவுக்கு ஒரு பைசா பயனில்லை.

கனடா கேட்பவை இவை: லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும், பொறுப்பான அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்து, தொடர்பு விவரம் வேண்டும். வகித்த ஒவ்வொரு பதவியும், சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளம், படிகள், முக்கியப் பணிகள். இவற்றில் வாரமணி நேரம்தான் அதிகம் விடுபடுகிறது. அது இல்லாமல் முழுநேரமா பகுதிநேரமா என்று கணக்கிட முடியாது.

பணிகளை எழுதும்போது அரசு இணையதளத்திலிருந்து வரிக்கு வரி நகலெடுக்காதீர்கள். ஒரே வாசகம் ஆயிரம் கடிதத்தில் வந்தால் எந்த அதிகாரியும் சந்தேகப்படுவார். உங்கள் சமையலறை, உங்கள் டிரையர், உங்கள் ஆள் எண்ணிக்கை தெரிகிற மாதிரி எழுதுங்கள். ‘உணவு தயாரித்தல்’ என்பதற்குப் பதில், ‘மதியச் சாப்பாட்டுக்கும் இரவு ஆர்டருக்கும் தென்னிந்திய உணவு வகைகளைத் தனியாகச் சமைத்தார், இரண்டு உதவியாளர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார், காய்கறி, மளிகை இருப்பை வாரம் இருமுறை சரிபார்த்து ஆர்டர் கொடுத்தார்’ என்று இருக்கட்டும்.

பதவிப் பெயரை மாற்றாதீர்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில், சம்பளச் சீட்டில் ‘டீ மேக்கர்’ என்று இருந்தால் கடிதத்திலும் அதுவே இருக்கட்டும். அடுத்த வரியில் ‘எங்கள் தொழிற்சாலையில் இப்பதவி உற்பத்திப் பிரிவின் மேற்பார்வைப் பொறுப்பு’ என்று ஒரு விளக்கம் போதும். திடீரென்று ‘புரொடக்‌ஷன் மேனேஜர்’ என்று மாற்றினால் மற்ற காகிதங்களெல்லாம் எதிர்சாட்சி ஆகிவிடும். தமிழில் உள்ள சான்றுகளுக்குச் சான்றுபெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ மொழிபெயர்த்தால் ஏற்கமாட்டார்கள்.

பி.எஃப். பதிவையும் பாருங்கள். பல இடங்களில் ஆள் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் பி.எஃப். தொடங்குவார்கள். கடிதத்தில் ஒரு தேதி, பதிவில் வேறு தேதி என்றால் காரணத்தைக் கடிதத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்கியிருந்தால் வவுச்சர், சம்பளப் பதிவேட்டின் நகல், வங்கியில் கட்டிய ரசீது என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

நாள் கணக்கும் சீசன் கணக்கும்

கனடாவின் திறன் தொழிலாளர் பிரிவுக்குக் குறைந்தபட்சம் ஓராண்டு முழுநேர அனுபவம் வேண்டும்: வாரம் 30 மணி, மொத்தம் 1,560 மணி. கடந்த பத்தாண்டுக்குள் இருக்க வேண்டும், சம்பளத்துடன் இருக்க வேண்டும், இடைவெளி இல்லாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். வாரம் 15 மணி பகுதிநேரம் என்றால் இரண்டு ஆண்டு.

மலைக்காரர்கள் சறுக்கும் இடம் இது. ஏப்ரல், மே சீசனில் வாரம் 70 மணி நேரம் அடுப்பில் வெந்தவருக்கு ‘இரண்டு மாதத்தில் நான்கு மாத வேலை செய்தேன்’ என்று தோன்றும். கணக்கில் வாரத்துக்கு 30 மணிக்கு மேல் ஏறாது. ஒன்பது வாரத்துக்கு 270 மணிதான். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசனையும் சேர்த்தால் 540. அதற்கும் மேலே, இடையில் வேலை இல்லாததால் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. வருடம் முழுக்க ஓடும் இடத்தில் வேலை பார்த்த காலத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பதவி உயர்வு வந்திருந்தால் இரண்டு தேதிகள் வேண்டும். எட்டு மாதம் காய் நறுக்கி, பிறகு ஒன்பது மாதம் சமைத்தவருக்குப் பதினேழு மாத ‘குக்’ அனுபவம் கிடையாது, ஒன்பது மாதம்தான். முதலாளி பெரிய மனது பண்ணி மொத்தத்தையும் ஒரே பதவியாக எழுதிக் கொடுப்பார். சம்பளச் சீட்டில் நடுவில் சம்பளம் ஏறிய மாதம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

வளைகுடா சென்று திரும்பியவர்கள்

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் நிறைய. சவூதியின் குடியிருப்பு அனுமதி அட்டையான இகாமாவில் ‘ஹவுஸ் டிரைவர்’ என்று இருக்கும், வேலை பார்த்ததோ சமையலறையில். அந்த அனுபவத்தை 63200 என்று காட்டும்போது இகாமாவின் தொழில் ஒன்றாகவும் கடிதத்தின் தொழில் வேறாகவும் நிற்கும். மறைக்காமல் தனி விளக்கக் கடிதம் வைத்து, சமையலறை நடத்தியவரின் சான்று, சம்பளம் வந்த வங்கிக் கணக்கு, வேலை ஒப்பந்தம் என்று ஆதாரம் அடுக்க வேண்டும். ஆதாரமே இல்லாத ஆண்டுகளை விட்டுவிட்டு, ஆதாரம் உள்ள ஆண்டுகளோடு நிற்பதே நல்லது.

பொய்யான தகவல் என்று கனடா முடிவு செய்தால், ஐந்தாண்டுக்கு உள்ளே வர முடியாது. தவறான எண்ணால் விண்ணப்பம் திரும்புவது ஒன்று, பொய்யென்று முத்திரை விழுவது வேறு. முன்னதில் பணமும் காலமும் போகும், பின்னதில் ஐந்து வருடம் போகும். கையெழுத்துப் போடுவது நீங்கள் என்பதால் ஏஜென்ட் நிரப்பிய எண்ணுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

ஆஸ்திரேலியா, பிரிட்டன்

ஆஸ்திரேலியாவின் புள்ளி முறை விசாக்களில் எண்ணைத் தேர்ந்தெடுத்த பிறகு, அந்தத் தொழிலுக்கென்று உள்ள மதிப்பீட்டு அமைப்பு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். செவிலியருக்கு ‘ஆன்மாக்’, சமையல்காரர் போன்றோருக்கு ‘டி.ஆர்.ஏ.’, கணினித் துறைக்கு ‘ஏ.சி.எஸ்.’, வேறு பல தொழில்களுக்கு ‘வெட்டாசெஸ்’. அங்கே படிப்பும் சேர்த்தே பார்க்கப்படும். அனுபவம் மட்டும் இருந்தால் என்ன கேட்பார்கள் என்பதை அந்தந்த அமைப்பின் வழிகாட்டியில் முதலில் படியுங்கள், பிறகு பணம் கட்டுங்கள்.

பிரிட்டனின் ‘ஸ்கில்டு வொர்க்கர்’ வேலை விசாவில் எண்ணைத் தேர்ந்தெடுப்பது நீங்கள் அல்ல, உங்களை எடுக்கும் முதலாளி. ஸ்பான்சர் சான்றில் அந்த எண் இருக்கும், குறைந்தபட்சச் சம்பளமும் அந்த எண்ணைப் பொறுத்தது. 2025 ஜூலை 22 முதல் பொதுவாகப் பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்கே அந்த விசா. பராமரிப்புப் பணியாளருக்கான 6135, 6136 எண்களில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதும் அன்றோடு நின்றது. இன்னும் ‘கேர் வொர்க்கர் விசா வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்பவர் வந்தால் அந்தத் தேதியைச் சொல்லிப் பாருங்கள்.

இரண்டு எண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால்

ஒரு தாளை இரண்டாக மடியுங்கள். இடதுபக்கம் ஒரு சாதாரண வாரத்தில் செய்த வேலைகளை மணிநேரத்தோடு எழுதுங்கள், சீசன் வாரத்தை எடுக்காதீர்கள். வலதுபக்கம் இரண்டு எண்களின் முதன்மைப் பணிகள். கோடு போட்டு இணையுங்கள். எந்தப் பக்கம் மணிநேரம் அதிகம் சேர்கிறதோ, எதன் அறிமுக வாசகம் உங்கள் வேலையை அப்படியே சொல்கிறதோ அதுவே உங்கள் எண். இரண்டும் சமமாக வந்தால், விலக்குகள் பகுதியைப் படியுங்கள். அதற்கும் பிறகு இழுபறி என்றால், குறைந்த பதவியைச் சொல்லும் எண் விண்ணப்பத்துக்குத் தகுதியானதாக இருக்கும்வரை அதையே எடுங்கள். 63200 போதுமான இடத்தில் 62200க்கு ஏறி நின்று விழ வேண்டாம்.

கடிதம் கேட்கப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலாளிக்கு எழுத நேரமில்லை, எழுதத் தெரியாமலும் இருக்கலாம். நீங்கள் கொடுத்த பட்டியலை அவர் படித்து, உண்மையா என்று பார்த்துத் திருத்திக் கையெழுத்துப் போடுவது நடைமுறை. பிறகு அந்தக் கடிதத்தின் ஒரு நகலை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். தூதரகத்திலிருந்து சரிபார்க்கப் போன் வந்தால், என்ன எழுதினோம் என்று அவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.